முகூர்த்தப் பெட்டியின் கனம்

“கனம்னா கனம் மொதலாளி, அப்பிடி ஒரு கனம்” என்றார் வேடியப்பன் போனில். “எங்க அக்கா ரங்கம்மா தூக்கிப் பாத்துட்டு, ஜரிகைய அள்ளிக் கொட்டிருக்காரு மனுஷன்னு எல்லாருக்கும் சொல்லிகினு இருக்குது.”

தென்னரசு அன்று அவசர வேலையாகக் காலையிலேயே கிளம்பி வந்து, அப்போது ஒண்ணுபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். பட்டுச்சேலை வியாபாரியிடம் போய் சேலை கனமாக இருக்கிறது என்று சொன்னால் அவர் பூரித்துப்போக வேண்டும். தென்னரசுவுக்குப் புரையேறியது. வேடியப்பன் மகள் உதயாவின் முகூர்த்தச் சேலையை எடை போட்டு வாங்கியவர் அவர்தான். அது ஒரு கிலோகூட வராது.

“எத்தினி கனம்ங்க இருக்கும்?”

“நாலு கிலோவுக்குக் கொறையாது.”

தென்னரசு மோர் தம்ளரைத் திண்டில் வைத்தார். அவருக்குத் தெரிந்து அவர் வீட்டில் நாலு கிலோ கனமுள்ள சேலைப் பெட்டி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதில் சேலை கிடையாது.

ஆரணியில் பட்டு வியாபாரம் பண்ணுகிற வீடுகளில் இடமில்லாத பொருளெல்லாம் சேலைப் பெட்டிக்குள்தான் போகும். ரேஷன் கார்டு, ஜாதகம், மீந்த மத்தாப்பு, கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஒரு சிவப்பு அட்டைப்பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு பொருளை ஒளித்து வைக்க இதைவிடத் தோதான வீடு உலகத்தில் இல்லை என்று தென்னரசு நினைத்திருந்தார். நாற்பத்தொன்பது வயதில் அவர் ஒளித்து வைத்தது, டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற ஒரு பெட்டி.

எல்லாம் மகள் இளமதியைப் பார்க்கச் சென்னைக்குப் போன இடத்தில் வந்த வினை. மருமகன் புதிதாக ஒன்று வாங்கி டிவியில் மாட்டியிருந்தார். முதலில் சுட்டுத் தள்ளுகிற ஆட்டம் ஒன்றைக் காட்டினார். தென்னரசு பேப்பரை விரித்துக்கொண்டார். அடுத்து கார் ஓட்டுகிற ஆட்டம். அவருக்குத் தலை சுற்றியது. மூன்றாவதாக வந்ததுதான் ஆளைக் கவிழ்த்தது. பாசி பிடித்துப் பாழடைந்து கிடக்கும் ஒரு வீடு. கையில் ஒரு குழாய். தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அந்த வீட்டைக் கழுவ வேண்டும். கருகருவென்று இருந்த சுவரில் தண்ணீர் பட்ட இடமெல்லாம் பளிச்சென்று வெள்ளைக் கோடு விழுந்தது. ஒரு ஜன்னல் முழுதாகச் சுத்தமானால் ‘டிங்’ என்று ஒரு மணி.

அந்த மணிச் சத்தம் தென்னரசுவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கத்திலிருந்த அவர் மனைவி கனிமொழி கொட்டாவி விட்டாள். “வேலையத்த வேலை. ஊரான் ஊட்டைக் கழுவறதுக்கு ஒரு ஆட்டமா?” என்றவள், சற்று நேரம் கழித்து, “மாப்ள, அந்தப் படிக்கட்டுக்கு அடியில விட்டுட்டீங்க பாருங்க” என்றாள்.

“இது நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஓடுமாங்க?” என்று தென்னரசு சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“ஓடாது மாமா. இந்தப் புதுப் பெட்டி இருந்தாதான்.”

ஊருக்கு வந்து பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் வேலூருக்குப் போனார். ஆரணிக் கடையில் வாங்கினால் அடுத்த தெருவுக்குள் செய்தி போய்விடும். வேலூர்க் கடைக்காரர் “பையனுக்கா சார்?” என்று கேட்டார். “பேரனுக்கு” என்றார் தென்னரசு. அவருக்குப் பேரன் இல்லை. கடைக்காரர் கைகுலுக்கி வாழ்த்தியபோது அவர் காது மடல் சுட்டது.

அன்றிலிருந்து கனிமொழி தபால் ஆபீசுக்குக் கிளம்பியதும் பத்திலிருந்து ஒரு மணி வரை தென்னரசு கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வீடு கழுவினார். முன்னறையில் சேலை மடித்துப் பெட்டி போடுகிற கிருஷ்ணம்மாளிடம், “டிசைன் பாக்கற மிஷின்க்கா. அம்மாகிட்ட சொல்லவாணாம், தொந்தரவு” என்று சொல்லி வைத்திருந்தார். கிருஷ்ணம்மாள் பதினைந்து வருஷமாக அவரிடம் வேலை செய்கிறவள். கேட்டதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பாள். மாலையில் அவர் நெசவாளர்களைப் பார்க்கக் கிளம்புகிற நேரத்துக்குள் எல்லாம் மடித்துப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி முன்னறை அலமாரியின் கீழ்த்தட்டில், முப்பது பெட்டிகளோடு ஒன்றாக.

டிவிகூட ஒத்துழைத்தது. தினமும் காலையில் போட்டதும், அது தானாகவே கேம் வருகிற பக்கத்தில் தயாராக நிற்கும். கெட்டிக்கார டிவி என்று தென்னரசு அதை மெச்சிக்கொண்டார்.

ஆனால் மனசு ஒத்துழைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர் ஒரு தம்ளரைக் கழுவி வைத்தவர் இல்லை. சாப்பிட்ட தட்டிலேயே கைகழுவிவிட்டு எழுந்து போகிறவர். அப்படிப்பட்டவர் முகம் தெரியாத எவன் வீட்டுக்கோ சாக்கடை மூடி வரைக்கும் தேய்த்துக்கொண்டிருக்க, கனிமொழி காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நிஜ வீட்டைக் கழுவினாள். அதிலும் பத்துப் பதினைந்து நாளாக அவளுக்குக் கட்டைவிரலில் வலி. “ஆபீஸ்ல நாள் பூரா முத்திரை குத்தறேன் இல்ல, அதான்” என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்வாள். தென்னரசுவுக்கும் கட்டைவிரல் வலிதான். அவள் தூங்கிய பிறகு அதே தைல டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறப்பார். உழைத்து வந்த வலிக்கும், ஆடி வந்த வலிக்கும் ஒரே தைலமா என்று கூசும். டப்பா வேறு மளமளவென்று தீர்ந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தக் கேம் பெட்டிதான் முகூர்த்தச் சேலை என்ற பெயரில் வேடியப்பனின் ஊரான படவேட்டுக்குப் போய்விட்டது.

அவர் கிருஷ்ணம்மாளுக்குப் போன் போட்டார். “அக்கா, காலையில படவேட்டுக்காரங்க வந்தப்போ எந்தப் பொட்டிய குடுத்த?”

“நீங்க சொன்ன மாரி பூஜை ரூம்ல இருந்ததைத்தான் மொதலாளி. ரெண்டு இருந்துச்சு. முகூர்த்தச் சேலைன்னா ஜரிகை இருக்குமேன்னு கனமானதா பாத்துக் குடுத்தேன்.”

ஆரணியில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் கீழ்த்தட்டிலிருந்த பெட்டி எப்படிப் பூஜை அறைக்குப் போனது? பெருக்கும்போது இவள்தான் எடுத்து வைத்திருப்பாள். தென்னரசு அதற்குமேல் கேட்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் வைத்தியரிடம் விவரமாகப் பேச முடியுமா?

வேடியப்பன் குடும்பத்தில் ஒரு வழக்கம். முகூர்த்தச் சேலைப் பெட்டியைக் கடையிலிருந்து வந்தபடியே ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து, வீட்டுக்கு எடுத்து வந்து, பெண்ணின் அத்தைதான் பங்காளிகள் முன்னால் திறக்க வேண்டும். அதுவரை யாரும் மூடியைத் தொடக்கூடாது. அன்று வியாழக்கிழமை. ராகு காலம் மூன்று மணிக்கு முடிகிறது. அப்போது மணி பன்னிரண்டு.

“வேடியப்பன் அண்ணே, நான் நேர்ல வர்ற வரைக்கும் பொட்டியத் தொறக்காதீங்க. ஒரு முக்கியமான சமாச்சாரம்.”

“நீங்களே வரீங்களா?” வேடியப்பனின் குரல் தழுதழுத்தது. “நாங்க கூப்புட மறந்துட்டோம் பாருங்க. வாங்க மொதலாளி, வாங்க.”

வண்டியை ஆரணிக்கு விட்டார். கனிமொழி ஆபீசில் இருந்தாள். கிருஷ்ணம்மாள் சாப்பிடப் போயிருந்தாள். முன்னறை அலமாரியின் கீழ்த்தட்டு பெருக்கித் துடைத்துக் காலியாகக் கிடந்தது; மற்ற பெட்டிகள் மேல்தட்டுக்கு மாறியிருந்தன, அவருடையது அவற்றில் இல்லை. சந்தேகமே இல்லை, போய்விட்டது. பூஜை அறையில் லேசான பெட்டி ஒன்று இருந்தது. திறந்து பார்த்தார். அரக்கு நிற முகூர்த்தச் சேலை. அதைத் துணியில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு, சந்தவாசல் தாண்டி, மலை தெரிகிற பக்கமாக விரட்டினார்.

வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டார். ஓசைப்படாமல் உள்ளே போவது, வேடியப்பனைத் தனியாகக் கூப்பிட்டுப் பெட்டியை மாற்றுவது, திரும்பி வருவது.

வாழைத் தோப்பை ஒட்டிய வேடியப்பன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்பது நாற்காலி போட்டிருந்தது. முதலாளியே நேரில் வருகிறார் என்று வேடியப்பன் இன்னொரு முறை பங்காளிகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டார். தென்னரசு வண்டியை நிறுத்துவதற்குள் ஒரு பொன்னாடை தோளில் விழுந்தது. நடுநாயகமாக உட்கார வைத்துக் கையில் இளநீரைக் கொடுத்தார்கள். எதிரே ஸ்டூலில், பூவும் குங்குமமும் வைத்து, அந்தச் சிவப்புப் பெட்டி இருந்தது. அம்மன் காலடியிலிருந்து வந்த எலுமிச்சம்பழம் ஒன்று அதன் தலையில்.

தென்னரசுவுக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

“அண்ணே, கொஞ்சம் இப்பிடி வரீங்களா?” வேடியப்பனை ஓரமாக இழுத்தார். “பொட்டி மாறிப்போச்சு. சேலை இதுல இருக்குது. அதை எங்கிட்ட குடுத்துடுங்க.”

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ரங்கம்மாளுக்குப் பாம்புக் காது. எழுந்து வந்து புதுப் பெட்டியை ஒரு கையிலும், பழைய பெட்டியை மறு கையிலும் தூக்கிப் பார்த்தாள்.

“இது லேசா இருக்குது. அது கனமா இருக்குது” என்றாள். “கனத்தைக் குடுத்துட்டு, அப்புறமா ஓடியாந்து லேசை நீட்றாரு. இன்னா வேடியப்பா இது?”

பந்தலில் நாற்காலிகள் முன்னுக்கு நகர்ந்தன.

“ஐயோ, அப்பிடி இல்லம்மா. அது வந்து, அதுல சேலையே இல்ல.”

“அம்மன் காலடியில வச்சது சேலை இல்லியா? அப்போ இன்னா வச்சோம்?”

“ஒரு மிஷினு.”

“இன்னா மிஷினு?”

“டிசைன் போடற மிஷினு” என்றார் தென்னரசு. நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “நம்ம உதயா சேலைக்குக்கூட அதுலதான் டிசைன் போட்டது.”

“அப்பிடியா?” வேடியப்பனின் முகம் மலர்ந்தது. “அப்போ எல்லாரும் பாக்கட்டும் மொதலாளி. எம் பொண்ணு சேலைக்கு டிசைன் போட்ட மிஷினு, அம்மன் காலடி வரைக்கும் வந்திருக்குது. அக்கா, தொற.”

மூன்று மணி ஆகியிருந்தது. ரங்கம்மாள் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக ஒரு பெட்டியும், இரண்டு கையால் பிடிக்கிற பட்டன் வைத்த ஒரு சாதனமும் இருந்தன. ஒயர்களெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு அழகாகச் சுற்றி வைத்திருந்தது. தென்னரசு ஒருநாளும் ஒயரைச் சுற்றி வைத்தவர் இல்லை. கிருஷ்ணம்மாளின் கைவேலை என்று அந்தக் களேபரத்திலும் அவருக்குத் தோன்றியது.

கல்யாணப் பெண் உதயா எட்டிப் பார்த்தாள். அவள் ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிற பெண்.

“இது கேம் ஆடறதுதானே அங்கிள்?” என்றாள். “எங்க ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு வச்சிருக்கா.”

நாற்பது தலைகளும் தென்னரசுவின் பக்கம் திரும்பின. முப்பது வருஷமாக அவர் சேலை கொடுத்த குடும்பங்கள். ஆரணித் தென்னரசு பொய் சொல்ல மாட்டார் என்று சொல்லிப் பெண்ணுக்குச் சேலை எடுக்கிறவர்கள். ஜரிகையில் ஏமாற்றினார் என்று பேர் வாங்குவதா, கேம் ஆடுகிறார் என்று பேர் வாங்குவதா? முதலாவது வியாபாரத்தைத் தின்றுவிடும். இரண்டாவது மானத்தை மட்டும்தான் தின்னும். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைப் பிடித்தார்.

“ஆமாம்மா. என்னுதுதான். நான்தான் ஆடறேன்.”

“இன்னா ஆட்டம் அங்கிள்?”

அவர் இளநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வீடு கழுவறது.”

“இன்னாது?”

“பாசி புடிச்ச வீட்டைத் தண்ணி அடிச்சுக் கழுவணும். ஜன்னல், கதவு, படிக்கட்டு எல்லாம். சுத்தமாயிட்டா மணி அடிக்கும்.”

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். அப்புறம் பந்தலே சிரித்தது. ரங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“உங்க ஊட்ல பாத்திரம் யாருங்க கழுவறது?” என்று கேட்டாள்.

“எங்க வீட்டம்மா.”

“அவங்க ஊட்லயேவா இருக்காங்க?”

“இல்ல. போஸ்ட் ஆபீஸ்ல வேலை.”

ரங்கம்மாள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. தென்னரசு பொன்னாடையை எடுத்து மடித்து, யாரும் கேட்காமலே நாற்காலியில் வைத்தார். பூமி பிளந்தால் இறங்கிப் போய்விடலாம் என்று இருந்தது. வாழைக்குப் பாய்ந்த ஈரத்தில் பிளக்கிற பூமியும் இல்லை.

சேலையைப் பிரித்துக் காட்டியதும் பேச்சு அதன்மேல் திரும்பியது. உதயா அரக்குச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். ரங்கம்மாள் முந்தானையை விரலால் நெருடி, “ஜரிகை நெஜம்தான்” என்று தீர்ப்புச் சொன்னாள். வியாபாரம் பிழைத்தது.

வண்டி வரைக்கும் வந்து வழியனுப்பிய வேடியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். “அதுல வெவசாயம் பண்ற ஆட்டம்கூட இருக்குதாமே மொதலாளி? உதயா சொல்லுச்சு.”

“இருக்குதுங்க.”

“அதுல மழ பெய்யுமா?”

“பெய்யும்.”

“வெதச்ச ஒடனேயா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் தென்னரசு ஒரு முடிவுக்கு வந்தார். படவேட்டில் நாற்பது பேருக்குத் தெரிந்தது, கல்யாணத்தன்று நானூறு பேருக்குத் தெரியும். கனிமொழிக்கு யாரோ சொல்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கனிமொழி பூஜை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. அவர் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தார். அவள் உள்ளே பார்த்தாள். கை தானாகப் புடவைத் தலைப்பைப் பிடித்தது.

“என்னங்க, இது...” என்று ஆரம்பித்தாள்.

“நீ ஒண்ணும் பேசாத கனி. நான் பேசி முடிச்சுடறேன், இல்லன்னா தைரியம் போயிடும். இது என்னுது. வேலூர்ல போய்த் திருட்டுத்தனமா வாங்கினேன். நீ ஆபீஸ் போனதும் தெனமும் ஆடறேன். அந்த வீடு கழுவற ஆட்டம்.”

கனிமொழி பெட்டி மூடியைக் கையில் எடுத்தாள். மூடினாள்.

“இது படவேட்டுக்குப் போயி, அங்க எல்லாரும் பாத்துட்டாங்க.”

“எல்லாருமா?” அவள் குரல் எழும்பவில்லை. “யாருதுன்னு சொன்னீங்க?”

“என்னுதுன்னுதான். வேற யாருதுன்னு சொல்றது?”

கனிமொழி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். “உங்குளுதுன்னே சொல்லிட்டீங்களா?”

“நாப்பது பேர் முன்னால.”

அவள் குனிந்து தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று தென்னரசு பயந்தார். ஆனால் அவள் நிமிர்ந்து அவர் கையைப் பிடித்து, “உடுங்க. மனுஷன்னா ஒரு ஆசை இருக்கத்தான் செய்யும். இதுக்குப் போயி” என்றாள்.

இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவள் இவ்வளவு சுலபமாக எதையும் மன்னித்ததில்லை. பாலைப் பொங்கவிட்டதற்கே மூன்று நாள் பேசாதவள். இந்தத் தங்கத்தையா இத்தனை நாள் ஏமாற்றினோம் என்று தென்னரசு நொந்துபோனார்.

“இனிமே நம்ம வீட்டுப் பாத்திரத்தை நான் கழுவறேன் கனி. வீட்டையும் துடைக்கறேன். உன் கட்டைவிரலப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்குது.”

கனிமொழி சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “அதெல்லாம் எதுக்குங்க” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். பிறகு, “சரி, ஒரு மாசம் கழுவுங்க. இதை நானே பத்திரமா வச்சுக்கறேன்” என்று பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை கிருஷ்ணம்மாள் வேலைக்கு வந்தபோது, தென்னரசு கொல்லைக் குழாயடியில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குக்கர் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிஜக் குக்கரில் வெள்ளைக் கோடு அவ்வளவு சுலபமாக விழவில்லை. மணியும் அடிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அதே இடத்தில் வலித்தது.

கிருஷ்ணம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “இன்னா மொதலாளி இது?”

“தப்பு பண்ணவன் அனுபவிக்கணும் இல்லக்கா” என்றார் தென்னரசு. சொல்வதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. “என் பொட்டி படவேட்டுக்குப் போயி மானம் போச்சு. அம்மாகிட்ட எல்லாத்தையும் ஒத்துகினேன். அவங்க பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டாங்க.”

கிருஷ்ணம்மாள் மோவாயில் கையை வைத்து யோசித்தாள்.

“உங்க பொட்டி எப்போ வெளியே போச்சு? தட்டு தொடைக்க நான் பரண்மேல ஏத்தினது ஒயரு தொங்கிகினு அங்கியேதான் கெடக்குது. படவேட்டுக்குப் போனது அம்மா கையால பூஜை ரூம்ல கொண்டாந்து வச்ச பொட்டியாச்சே மொதலாளி.”